பென்சில் குறி போட்ட இடங்கள்

மாடம்பாக்கம்,
டிசம்பர் 8, திங்கள்.

அன்பு மகள் ஜெரூஷாவுக்கு டாடி எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையில் நான் சுகம், இடது முழங்கால் மட்டும் கிருபைக்குக் கொஞ்சம் வெளியே நிற்கிறது. நீயும் உன் பால் பரிசோதனைக் கூடமும் அங்குள்ள மாடுகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் சொல்கிறேன். இப்போது உங்கள் நியூசிலாந்தில் வெயில் காலம் என்கிறாய், டிசம்பரில் வெயில் என்றால் எனக்கு இன்னும் மண்டையில் ஏறவில்லை. டெலிபோன் டிபார்ட்மெண்டில் ஆயுசுக்கும் கேபிள் இழுத்தவன் உட்கார்ந்து தபால் எழுதுகிறானே என்று சிரிப்பாய். வீடியோ காலில் என் நெற்றியும் ஃபேனும்தான் தெரிகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதுவுமில்லாமல் போனில் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் உன் குரல் கம்மும், உடனே நான் சரி சரி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இது அப்படி வைத்துவிடக்கூடிய விஷயம் இல்லை. ஆகையால் எழுதுகிறேன், நடுவில் எழுந்து போகாமல் படி. கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன், பயப்படாதே.

இங்கே மழை விட்டுவிட்டது. ஏரி நிறைந்திருக்கிறது, தெருவில் வழக்கம்போல முட்டிக்குக் கீழே தண்ணீர் நின்று வடிந்தது, வீட்டுக்குள் வரவில்லை. மாடிப் போர்ஷனில் இருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனதிலிருந்து மாடி சும்மாதான் கிடக்கிறது. ஆள் வைக்கலாம், ஆனால் யார் வந்து கேட்டாலும் எனக்கு ஏதாவது ஒரு குறை தெரிகிறது. மீன்காரி முத்தாலம்மாள் கோவளத்திலிருந்து இன்னும் வருகிறாள். போன வாரம் அரைக் கிலோ சங்கரா கேட்டேன். தராசைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்டி ஆளுக்கு இன்னாத்துக்கு சார் அரக்கிலோ? ஃபிரிஜ்ல வெச்சி வெச்சித் துன்னுவியா? காக்கிலோ எட்துக்க" என்றாள். வியாபாரத்தை வேண்டாமென்று சொல்கிற மீன்காரியை இந்தத் தெருவிலேயே நான்தான் சம்பாதித்திருக்கிறேன். கால் கிலோவே வாங்கினேன். அதிலும் இரண்டு துண்டு மிச்சம். உன் மம்மி போனபிறகு குழம்பின் அளவு மட்டும் எனக்குக் கைக்கு வரவே இல்லை, மூன்று பேர் வந்தாலும் போதும் என்கிற அளவுக்குத்தான் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் ஃபிரெடிக்கு நாவலூர் ஆபீசில் வேலை போனது உனக்குத் தெரியும். அதற்குப்பிறகு நடந்ததை அவன் உனக்கு எவ்வளவு சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அவனும் கூடப் படித்த பையன் ஒருவனும் சேர்ந்து நாவலூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் துணி துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிற கடை ஒன்று எடுக்கப் பார்க்கிறார்கள். மெஷின் எல்லாம் வாங்க வேண்டும். அவன் பிளாட் ஏற்கெனவே கடனில் இருக்கிறது, மிச்சம் இருப்பது இந்த வீடுதான். இந்த வீடும் மாடி கட்டியபோது வாங்கிய கடனுக்காக பாங்கில் இருக்கிறது என்பது நீ அறிந்ததே. அந்தக் கடன் இன்னும் கொஞ்ச காலத்தில் முடிந்துவிடும். மூலப்பத்திரம் கைக்கு வருகிற அன்று ஆயரை வரவழைத்து ஸ்தோத்திர ஜெபம் வைத்து, தெருவுக்கே பிரியாணி போட வேண்டும் என்று மம்மி சொல்லிக்கொண்டே இருந்தாள், ஞாபகம் இருக்கிறதா? ஃபிரெடி சொன்ன யோசனை என்னவென்றால், ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி அந்தப் பாங்குக் கடனை முடித்து, மேலே அவன் கடைக்கும் பெரிய தொகை கொடுக்கும், வீடு பாங்கிலிருந்து கம்பெனிக்கு அடமானம் மாறும். அதாவது பத்திரம் நம் வாசலை மிதிக்காமலேயே ஒரு லாக்கரிலிருந்து இன்னொரு லாக்கருக்குக் குடிபோகும்.

நான் உடனே சரி என்றேன். ஏன் சொன்னேன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். சரி என்று சொன்ன வாரத்திலிருந்து இந்த வீடு கல்யாண வீடு ஆகிவிட்டது பாப்பா. ஃபிரெடி ஞாயிறு தவறாமல் வந்தான். ஆராதனை முடிந்து நேரே இங்கே வந்து கிறிஸ்டியும் அவனும் சாப்பிட்டுவிட்டு வெயில் தாழத்தான் கிளம்பினார்கள். கிறிஸ்டி நம் சமையலறையைச் சுத்தம் செய்து, காலாவதியான மசாலாப் பொட்டலங்களையெல்லாம் தூக்கிப் போட்டாள், நல்ல மருமகள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நடுவில் வீட்டை மதிப்புப் போட ஒருவர் வந்து டேப் பிடித்து அளந்தார். போட்டோ எடுக்க ஒரு பையன் வந்தான். நான் எல்லாருக்கும் டீ போட்டேன். இரண்டு பாக்கெட் பால் வாங்கினேன். கடைக்காரர் வீட்டுக்கு விருந்தாளியா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஏஜென்ட் ஒரு கட்டு காகிதத்தோடு வந்தார். அவரோடு நம் ஜெர்சன் வந்தான். உனக்கு ஞாபகம் இருக்கும், பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்து வரிசையில் டெனர் பாடுகிறவன், சண்டே ஸ்கூலில் உனக்கு இரண்டு வகுப்பு இளையவன். இப்போது வக்கீல், அந்தக் கம்பெனிக்கு வீட்டுப் பத்திரங்களின் நகலைப் பார்த்து ஒப்பீனியன் எழுதிக் கொடுக்கிறான். அவனைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச பயமும் போய்விட்டது. நம்ம பிள்ளை பார்க்கிறான், இனி நமக்கு வேறு வக்கீல் எதற்கு? நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், எதைத் தொடங்கினாலும் ஜெபம். அந்தக் கட்டை வாங்கி வேதாகமத்தின் மேல் வைத்து, எல்லாரையும் நிற்க வைத்து, நானே உரக்க ஜெபம் பண்ணினேன். இந்தக் காரியத்தை ஆசீர்வதியும், ஃபிரெடியின் கைகளைத் திடப்படுத்தும் என்று கேட்டேன். ஏஜென்ட் இந்து, அவரும் கைகட்டி நின்று கடைசியில் ஆமென் என்றார். நானும் ஆமென் என்றேன்.

அங்கேதான் நான் தவறு செய்தேன், நம் ஜனங்களுக்கே உரிய தவறு. ஆமென் சொன்னபிறகு அந்தக் காகிதத்தைப் பார்த்து இது என்ன, அது என்ன என்று கேட்க வாய் வரவில்லை. ஜெபம் பண்ணி ஒப்புக்கொடுத்ததை மறுபடி கையில் வாங்கிச் சந்தேகப்படுவது அவிசுவாசம் மாதிரி தோன்றியது. ஏஜென்ட் பக்கம் பக்கமாகப் புரட்டி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களிலெல்லாம் பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு குறிக்கும் நான் தலையாட்டினேன். எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை, எல்லாம் பொடி இங்கிலீஷ். ஜெர்சன் நகலைப் பார்க்க வேண்டியது இன்னும் பாக்கி இருந்ததால் அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம், புதன்கிழமை வருகிறேன் என்று கட்டை என்னிடமே விட்டுவிட்டு ஏஜென்ட் கிளம்பினார்.

எல்லாரும் போனபிறகு ஜெர்சன் கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஏதோ மறந்துவிட்டான் என்று நினைத்துப் போனேன். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. நான் கம்பெனிக்கு வக்கீல். உங்களுக்கு இல்ல. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி உங்களுக்குன்னு ஒரு வக்கீலப் பாத்துடுங்க." அவ்வளவுதான், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? மம்மி அடக்கத்தன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். அவனே நான் உங்களுக்கு இல்லை என்கிறான். கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்து அவன் குடித்த டீ கிளாசைக் கழுவாமல் அப்படியே வைத்தேன், அவ்வளவு கோபம். சனிக்கிழமை கேரல் ஒத்திகையில் அவன் பக்கமே திரும்பவில்லை. என் பேஸ் குரல் ஒரு பக்கம் போக அவன் டெனர் ஒரு பக்கம் போக, மாஸ்டர் இரண்டு தரம் நிறுத்தினார்.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்னாலேயே ஏஜென்ட் வந்து போய்விட்டார் என்று நினைக்காதே. புதன்கிழமைக்கு அவர் போன் பண்ணியபோது எனக்கு வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன். கோபம் இருந்தாலும் ஜெர்சன் சொன்னது முள் மாதிரி உள்ளே நின்றுவிட்டது. கம்பெனி வேலையைச் செய்கிறவன், தன் வேலைக்கே வினையாகிற ஒரு வார்த்தையை எனக்கு ஏன் சொன்னான்? சும்மா போயிருக்கலாமே. யோசிக்க யோசிக்க, அன்றைக்கு அந்த அறையில் ஜெபம் பண்ணின எல்லாரிலும் எனக்காக ஒரு காரியம் செய்தவன் அவன் ஒருவன்தான் என்று தோன்றியது. மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஷர்மிளா என்று ஒரு வக்கீலம்மா இருக்கிறார், நம் பென்ஷன் சங்கத்தில் இரண்டு பேர் அவரிடம் போயிருக்கிறார்கள். நேரம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஃபிரெடியிடம் மறைக்கக் கூடாது என்று அவனுக்கும் சொன்னேன். அவன் முகம் மாறியது, ஆனாலும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் டாடி என்று காரில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அந்தம்மா முதலில் செய்தது ஃபிரெடியை வெளியே போகச் சொன்னதுதான். சும்மா சொல்லக் கூடாது, மரியாதையாகத்தான் சொன்னார். சார் கீழே டீ குடித்துவிட்டு வாருங்கள், நான் உங்கள் அப்பாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். நான்தான் பதறிப்போய், அவன் என் சொந்தப் பையன், அவனுக்குத் தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை என்றேன். அதற்காகத்தான் சார் என்றார். ஃபிரெடி கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே எழுந்து போனான், கதவு சாத்துகிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. வக்கீலம்மா காகிதக் கட்டைத் திறக்கவே இல்லை. இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் யோசிக்காமல், நானும் ஞானசௌந்தரியும் என்றேன். அவர் எழுதிக்கொண்டு, அவர்களும் கையெழுத்துப் போட வேண்டுமே, ஏன் அழைத்து வரவில்லை என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லையம்மா, அவள் தவறி இரண்டு வருஷம் ஆகிறது, நான் மட்டும்தான் என்றேன். நான் மட்டும்தான் என்று வாய்விட்டு ஒரு அன்னியரிடம் அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன் பாப்பா. அவர் எழுதினதை அடித்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

பிறகுதான் கட்டைப் பிரித்தார். ஒவ்வொரு பென்சில் குறியின் மேலும் விரலை வைத்து, இந்த இடத்தில் போட்டால் இது, இந்த இடத்தில் போட்டால் அது என்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஃபிரெடிக்கு உதவியாக ஏதோ சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம், கடனே என்னுடையதும்தானாம். அவன் கட்டாவிட்டால் அவனை முதலில் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வர வேண்டும் என்றுகூட இல்லை. கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீட்டை எடுத்து ஏலம் விட முடியும். அதையாவது ஜீரணித்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தில், இந்தக் கடனுக்கு மட்டும் இல்லை, ஃபிரெடி அந்தக் கம்பெனியில் இனிமேல் வாங்கப்போகிற எந்தக் கடனுக்கும் இந்த வீடே ஈடு என்று இருக்கிறது. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எங்கள் சபைப் பையன் ஜெர்சன் பார்த்தானே அம்மா, அவன் இதையெல்லாம் பார்க்க மாட்டானா என்று கேட்டேன். அந்தம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அவர் அவரோட வேலைய ஒழுங்காத்தான் சார் பண்றாரு. நாளைக்கு இந்த வீடு சிக்கல் இல்லாம கம்பெனி கைக்கு வருமான்னு பாக்குறதுதான் அவர் வேலை. உங்க கையில நிக்குமான்னு பாக்குறது என் வேலை."

கட்டை மூடிவிட்டு அவர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். யாராவது உங்களை வற்புறுத்துகிறார்களா என்றார். ஒருத்தரும் இல்லை என்றேன். அப்படியானால் இதைப் படிக்காமலே ஏன் சரி என்றீர்கள் என்றார். உனக்குப் பின்னால் எழுதுகிறேன் என்று சொன்னேனே, இதுதான் அது. நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். பேப்பர் வேலை தொடங்கினதிலிருந்து என் பையன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான் அம்மா. அதற்கு முன்னால் ஈஸ்டருக்கு வந்தான், என் பிறந்தநாளுக்கு வந்தான், அவ்வளவுதான். வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டில் வந்தால் நாவலூர் ஒன்றும் அடுத்த மாநிலம் இல்லை, ஆனாலும் வர நேரமில்லை. அவன் வருகிறான் என்றால் நீங்கள் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் நான் போட்டுவிடுவேன், அதனால்தான் எனக்கு ஒரு வக்கீல் தேவைப்படுகிறது, அவனிடமிருந்து காப்பாற்ற இல்லை, என்னிடமிருந்து காப்பாற்ற என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை சார் என்றார். மாடி காலியாகத்தான் இருக்கிறது, பிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கேயே வந்து இருங்கள் என்று அவர்களிடம் கேட்கலாமா என்று நான் ஆரம்பித்தேன். கேளுங்கள், ஆனால் அதையும் கடனையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள், கேட்டால் இரண்டுமே கெடும் என்றார். வயது உன்னைவிடக் கம்மியாகத்தான் இருக்கும், பேச்சு மம்மி மாதிரியே வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

முடிவாக அவர் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். வீடு இந்த ஒரு கடனுக்கு மட்டும்தான் ஈடு, பிற்காலக் கடன் எதற்கும் இல்லை, தொகைக்கும் இவ்வளவுக்கு மேல் போகாது என்று வரம்பு கட்டிவிட வேண்டும், அதற்கு அவர்கள் ஒப்புக்கொண்டால் என் கட்சிக்காரர் லாசரஸ் கையெழுத்துப் போடுவார், இல்லாவிட்டால் போட மாட்டார். அப்படித்தான் நானும் தீர்மானித்திருக்கிறேன். பிள்ளைக்கு உதவ மாட்டேன் என்று சொல்லவில்லை. உதவுகிறேன் என்று சொல்லி, கடைசியில் அவனுக்கும் இல்லாமல் எனக்கும் இல்லாமல் போகிற வழி வேண்டாம். கம்பெனியிலிருந்து இன்னும் பதில் இல்லை, கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் என்கிறார்கள்.

இதைக் காரில் வரும்போதே ஃபிரெடியிடம் சொன்னேன். சானடோரியம் பாலம் வருகிறவரை ரோட்டைப் பார்த்தே ஓட்டினான். பிறகு, "என்ன நம்பாம வக்கீல் வெச்சீங்களா டாடி?" என்றான். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டான், அதுதான் தாங்கவில்லை. வக்கீலம்மாவிடம் அவ்வளவு சுலபமாகச் சொன்ன பதில் அவனிடம் வரவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்றேன். அவனும் வைப்பரைப் போட்டுப் பார்த்தான், கண்ணாடி காய்ந்துதான் இருந்தது. என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போனவன் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் கறி எடுத்துக் குழம்பு வைத்துவிட்டு கேட்டில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப்பார்த்தேன், ஒரு தரம் கொரியர், ஒரு தரம் மாடு. மத்தியானம் வடியும்வரை தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பாப்பா, தனியாக இருப்பது பழகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தனியாக இருப்பது பழகிவிட்டது. யாரோ வந்துபோன பிறகு தனியாக இருப்பதுதான் பழகவில்லை. கறிக் குழம்புப் பாத்திரத்தை ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டு நானும் படுத்துவிட்டேன், மாலை ஆராதனைக்குக்கூடப் போகவில்லை.

ஜெர்சனோடு மட்டும் சரி செய்துகொண்டேன். அடுத்த ஒத்திகையில் நானே போய் அவன் பக்கத்தில் நின்றேன். வக்கீலைப் பார்த்தேன்டா என்றேன். அவன் சரி அங்கிள் என்று பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்து என் கையில் கொடுத்தான். மாஸ்டர் அன்று எங்களை நிறுத்தவில்லை.

இந்த வருஷம் வாசலில் ஸ்டார் கட்டவில்லை என்று உன்னிடம் போனில் சொல்லாமல் மறைத்துவிட்டேன். டிசம்பர் ஒன்றாம் தேதி நம் வீட்டில் ஸ்டார் எரியாமல் இருந்ததில்லை. ஏணி இருக்கிறது, ஸ்டார் இருக்கிறது, பல்பும் வாங்கியாகிவிட்டது, ஏணியைப் பிடிக்க ஆள் இல்லை. முழங்காலை நம்பி ஏறவும் தைரியமில்லை. நேற்று ஆராதனை முடிந்து வந்து, ஸ்டாரைத் துடைத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு ஏணியைப் பார்த்தபடி வாசலில் நின்றேன். கார் வந்தது. ஃபிரெடி மட்டும் இறங்கினான், கையில் காகிதம் எதுவும் இல்லை. வா என்றேன். வரேன் என்றானே ஒழிய உள்ளே வரவில்லை. நாற்காலியில் இருந்த ஸ்டாரைப் பார்த்தான், ஏணியைத் தூக்கி சன்ஷேடில் சாத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். நானே ஏறுகிறேன் என்று அவன் சொல்வான் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை, நான்தான் ஏற வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிற மாதிரி இருந்தது. ஏறினேன். மேலே நின்று கொக்கியில் கம்பியை முறுக்கும்போது, அவன் முகம் தெரியாத தைரியத்தில், காரில் வராத பதிலைச் சொன்னேன். "உன்ன நம்பாம இல்லடா. நீ ஞாயித்துக்கெழம வர்றதுக்காக நான் எதுல வேணாலும் கையெழுத்துப் போட்டுருவேன். அதுக்குத்தான்டா எனக்கு வக்கீல்." ஏணி ஆடவில்லை. இறங்கி வந்தபோது ஏணியில் அவன் பிடித்த இடம் அவன் கை வியர்வையில் ஈரமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ, கறி இருக்கிறது என்றேன். கிறிஸ்டி காத்திருப்பாள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டான். அடுத்த ஞாயிறு வருவானா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

இனி உன் விஷயம். இந்த வீடு என் பெயரிலும் மம்மி பெயரிலும் பாதிப் பாதி இருக்கிறது. மம்மி உயில் எழுதாமல் போனதால் அவளுடைய பாதி முழுசாக எனக்கு வரவில்லை, எனக்கும் ஃபிரெடிக்கும் உனக்கும் மூன்றாகப் பிரிந்து வந்திருக்கிறது. ஷர்மிளா அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆகவே உன் கையெழுத்து இல்லாமல் இந்த அடமானம் நகராது. உன் சார்பாக ஃபிரெடியே கையெழுத்துப் போடுவதற்கு ஒரு பவர் பத்திரம் உனக்கு அனுப்பியிருக்கிறான், நீ அதை அங்கே நம் தூதரகத்தில் உறுதி செய்து அனுப்ப வேண்டுமாம். அதிலும் பென்சில் குறி இருக்கும். அண்ணன் அனுப்பியது, அப்பாவுக்குத் தெரியும், அதனால் போட்டுவிடலாம் என்று போடாதே. அப்பா பாவம் என்று கோபித்துக்கொண்டு போடாமலும் இருக்காதே. வக்கீலம்மாவிடமே உனக்காகவும் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவர் மறுத்துவிட்டார், நான் உங்களுக்கு வக்கீல், உங்கள் மகளுக்கு இல்லை, உங்களுக்கு நல்லது அவருக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்று இல்லை, அவருக்கு என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். ஜெர்சன் கேட்டருகே சொன்னது அப்படியே திரும்பி வந்தது. ஆனால் இந்தத் தடவை எனக்கு வலிக்கவில்லை. எனவே நானும் உனக்கு அதையே சொல்கிறேன். நான் உன் டாடிதான், ஆனால் இந்தக் காகிதத்தில் நான் உன் பக்கம் இல்லை, என் பக்கம் இருக்கிறேன், ஃபிரெடி அவன் பக்கம் இருக்கிறான். நம் ஊர்ச் சட்டம் தெரிந்த ஒருவரை உனக்கென்று பிடித்து, நீ தனியாக உட்கார்ந்து, அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு உனக்கு எது சரியோ அதைச் செய். உன் பங்கை வைத்துக்கொண்டாலும் சரி, விட்டுக்கொடுத்தாலும் சரி, என் மனதில் ஒன்றும் இருக்காது. ஜெபம் பண்ணு, ஆனால் ஆமென் சொல்வதற்கு முன்னால் படித்துவிடு.

வேறு என்ன? உன் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருக்கிறேன், யார் ஓட்டப் போகிறார்களோ. குளிர் காலத்துக்கு வாங்கின கோட்டை வெயில் காலத்தில் துவைத்து மடித்து வை. பால் கூடத்தில் வேலை பார்த்தாலும் நீ பால் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும், குடி. டிக்கெட் விலை எல்லாம் எனக்குத் தெரியாது, இந்த வீட்டுக் காரியத்துக்காக நீ கிளம்பி வர வேண்டாம், அதற்குத்தான் வக்கீல்கள் இருக்கிறார்கள். கையெழுத்து எதுவும் வேண்டாத ஒரு நாளாகப் பார்த்து வா. ஸ்டார் எரிகிறது. வெள்ளிக்கிழமை கேரல் ரவுண்ட்ஸ் நம் தெருவுக்கு வருகிறது, பிள்ளைகளுக்குக் கேக் வாங்கி வைத்திருக்கிறேன், இந்தத் தரம் அளவாகத்தான் வாங்கினேன். ஆண்டவர் நீ போகிற இடமெல்லாம் உனக்கு முன்னால் போகட்டும். அவர் போகாத இடமென்று தெரிந்தால் நீயும் திரும்பிவிடு.

யாரும் பென்சிலால் குறி போட்டுக் காட்டாத இந்த இடத்தில், தானாகவே கையெழுத்துப் போடும்

உன் டாடி,
லாசரஸ்